கிராமத்துப் பள்ளி வண்டிக்கு பிஎஸ்-6 செலவு: வண்டி வாங்குவது முதல் கோடை விடுமுறை வரை முழு வழிகாட்டி

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் நான்கைந்து வண்டி வைத்து ஓட்டும் சின்னப் பள்ளிகளில் ஒரே புலம்பலைத்தான் கேட்கிறேன்: "பிஎஸ்-6 வந்ததிலிருந்து வண்டி கட்டுப்படியாகவில்லை." பிஎஸ்-6 என்பது பாரத் ஸ்டேஜ் 6, வண்டி விடும் புகைக்கு அரசு வைத்த வரம்பு. நான் பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். புது வண்டி வாங்கிய பள்ளிகளுக்கு முதல் வருஷம் எங்கெல்லாம் காசு போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டெஃப் என்ற யூரியாக் கரைசலை வாங்கும் காசு கொஞ்சம்தான். பழைய வண்டியை ஓட்டிய அதே பழக்கத்தில் புது வண்டியையும் ஓட்டுவதால்தான் ஆயிரக்கணக்கில் போகிறது.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு வேலையையும் செய்யாமல் மூன்றாவதில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. கையில் இருப்பது எந்த வண்டி என்று பாருங்கள்

ஆர்.சி.யை எடுத்து, எந்த பாரத் ஸ்டேஜ் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிஎஸ்-4 நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1 முதல் வந்தது. பிஎஸ்-5 என்று ஒன்று வரவே இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ்-6. அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் வந்தது.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? பெரிய டீசல் இன்ஜினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவு பிஎஸ்-4இல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம். பிஎஸ்-6இல் அரை கிராமுக்கும் கீழே. அவ்வளவு குறைக்க இன்ஜினை மட்டும் சரிசெய்தால் போதாது. அதனால்தான் சைலன்சர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்திருக்கிறது: கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, டெஃப் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் எஸ்சிஆர், இவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள். நீங்கள் இனிமேல் பராமரிக்கப்போவது இரண்டு இயந்திரங்களை.

பிஎஸ்-4 பெரிய வண்டிகளிலேயே சிலவற்றுக்கு டெஃப் டேங்க் உண்டு. பிஎஸ்-6 சின்ன வேன் சிலவற்றில் டெஃப் டேங்க் இருக்காது, ஆனால் டிபிஎஃப் இருக்கும். பக்கத்துப் பள்ளிக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

2. வண்டி வாங்கும் முன் ரூட்டை எழுதுங்கள்

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிறுத்தம், எவ்வளவு நேரம், இன்ஜினை ஓடவிட்டு நின்ற நிமிஷம் எவ்வளவு. கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. முக்கியமானதும் அதுதான்.

டிபிஎஃப் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு நிறுத்தம் உள்ள பஞ்சாயத்து ரோட்டு ரூட்டில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. அதே வண்டி உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வரை நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் போகிற போக்கிலேயே கரி எரிந்துவிடும். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஆனால் செலவு வேறு.

அதனால் நீளமான ரூட்டை பிஎஸ்-6 வண்டிக்குக் கொடுங்கள். குறுகிய ரூட்டை, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் பொல்யூஷன் சான்றும் சரியாக இருக்கும் பழைய வண்டிக்கோ, ஒழுங்காகப் பராமரித்த சின்ன வேனுக்கோ கொடுங்கள். எல்லா வண்டியும் பிஎஸ்-6 என்றால் வாரத்துக்கு வாரம் வண்டியை மாற்றிவிடுங்கள். டிரைவரை மாற்ற வேண்டாம். எந்தப் பிள்ளை எந்த வேப்பமரத்தடியில் நிற்கும், யார் வீட்டில் தாத்தா வந்துதான் கூட்டிப்போவார் என்பதெல்லாம் அந்தந்த ரூட்டு டிரைவருக்குத்தான் தெரியும்.

இந்த மாற்றத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாற்றாவிட்டால் கரியை எரிக்க வாரம் 40 கிலோமீட்டர் காலி வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிவர வேண்டியிருக்கும். 40 வாரத்துக்கு 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 5.5 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 27,000 ரூபாய். ரூட்டை மாற்றிவிட்டால் அந்தக் காசு மிச்சம்.

பழைய பிஎஸ்-6 வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறீர்கள் என்றால் சர்வீஸ் சென்டரில் கணினியைச் செருகி, சேமித்துவைத்திருக்கும் பிழைக்குறிகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வயரிங்கில் சம்பந்தமில்லாத ஒரு சின்னப் பெட்டி கட்டியிருந்தால், டெஃப் ஊற்றாமலேயே ஊற்றியதுபோல் ஏமாற்றும் கருவியாக இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் எஸ்சிஆர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

3. டெஃப்: வாங்குவது, வைப்பது, ஊற்றுவது

பல டிரைவர்கள் இதை "யூரியா ஆயில்" என்கிறார்கள். அந்தப் பெயரில் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. இது ஆயில் இல்லை. 32.5 சதவீதம் மிகத் தூய யூரியா, மீதி 67.5 சதவீதம் கனிமம் நீக்கிய தண்ணீர். டீசலோடு கலப்பதும் இல்லை. தனி டேங்க், நீல மூடி.

முதலில், தோட்டத்து யூரியாவைக் கரைத்து ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, கிணற்றுத் தண்ணீர் சும்மா கிடைக்கிறது, ஏன் கடையில் வாங்க வேண்டும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதைச் சமையலறைப் பாத்திரத்தின் அடியில் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து எஸ்சிஆர் உள்ளே போனால் அங்கே படிந்து அடைத்துவிடும். திரும்ப வராது, மாற்றத்தான் வேண்டும். அதோடு, மானிய உரத்தை விவசாயத்துக்கு அல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். டெஃப் கெட்டுப்போகும் பொருள். 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் நிற்கும். 30 டிகிரியில் ஒரு வருஷம். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். மதுரைப் பக்கம் மே மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று இருபது பக்கெட் வாங்கித் தகர ஷெட்டில் அடுக்குவது நஷ்டம். ஒரு பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, ஓட்டுக் கட்டடத்திலோ கான்கிரீட் அறையிலோ வெயில் படாத மூலையில் வையுங்கள்.

பாத்திரம் பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். இரும்பு டின், பித்தளைக் குழாய், துத்தநாகம் பூசிய வாளி எதுவும் ஆகாது. டெஃப் அவற்றை அரித்து, அந்த உலோகத்தையும் தன்னோடு கொண்டுபோய் எஸ்சிஆரில் சேர்த்துவிடும். புனல் டெஃபுக்கென்று தனியாக ஒன்று. டீசல் ஊற்றிய புனலைக் கழுவிவிட்டேன் என்றாலும் வேண்டாம்.

ஊற்றும் வேலையை ஒரே ஆளிடம் விடுங்கள். டெஃப் டீசல் டேங்கில் போய்விட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியைக்கூடப் போட வேண்டாம். அப்படியே விட்டு டேங்கை இறக்கிச் சுத்தம் செய்தால் செலவு சில ஆயிரத்தோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டுங்கள், நாங்கள் ஒட்டியிருக்கிறோம்.

டெஃப் டேங்க் அடிவரை வற்றவிடாதீர்கள். கால் டேங்குக்கு வந்ததும் ஊற்றிவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. வடிகட்டியில் சேரும் கரி

டிபிஎஃப் கரியைப் பிடித்து வைக்கும், பிறகு எரிக்கும். எரிப்பதை ரீஜென் என்கிறார்கள். ஓட்டத்தின் சூட்டிலேயே எரிவது ஒரு வகை. அது போதாதபோது வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து வடிகட்டியை 600 டிகிரி வரை சூடாக்கி எரிக்கும். அதுவும் நடக்காதபோது, வண்டியை நிறுத்திவைத்துக் கட்டாயமாக எரிக்க வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால் சர்வீஸ் சென்டர்தான்.

புதியவர்கள் தவறுவது வண்டியே டீசல் செலவழித்து எரிக்கும் இரண்டாம் வகையில். ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போது பள்ளி வந்துவிடும், டிரைவர் சாவியை எடுத்துவிடுவார். மறுநாளும் அப்படியே. பாதியில் நின்ற ரீஜென் ஒவ்வொன்றும் டீசல் நஷ்டம். சில இன்ஜின்களில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது அளவு குறையாமல் ஏறியிருந்தால் அதுதான் அறிகுறி. "ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்" என்று ஒரு டிரைவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். குச்சியை முகர்ந்து பார்த்தேன், டீசல் வாடை.

ரீஜென் விளக்கு எரிந்தால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு நெடுஞ்சாலைக்குப் போய் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்தி எரிப்பது என்றால் இடத்தைப் பாருங்கள். சைலன்சர் முனையில் வரும் காற்று சருகைப் பற்றவைக்கும் அளவு சூடு. காய்ந்த புல், வைக்கோல், குப்பை எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அறுவடைக் காலத்தில் நம் பக்கம் ரோட்டிலேயே கதிரையும் தட்டையையும் பரப்பிவைப்பார்கள். அதன்மேல் ஓட்டிவந்த வண்டியைக் குனிந்து பார்த்து, அடியில் சுற்றியிருக்கும் வைக்கோலை எடுத்த பிறகுதான் ரீஜென் போட வேண்டும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொரு பழக்கம், காலையில் "ஏர் ஏறட்டும்" என்று கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிடுவது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிரேக்குக்கான காற்று இறங்கியிருக்கும், அது ஏறும்வரை எடுக்க முடியாது என்பது சரிதான். ஆனால் ஒரே இரவில் அடியோடு இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பழைய குழாயை மாற்றினால் தினமும் பத்து நிமிஷ டீசலும் மிச்சம், அந்தப் பத்து நிமிஷக் கரியும் மிச்சம். பிரேக்குக்கும் நல்லது.

5. ஆயிலும் டீசலும்

டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் சிகே-4 என்ற ஆயில் தரக்குறி அல்லது அதற்கு இணையானது என்று இருக்கும். பழைய வண்டிக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறது என்று இதில் ஊற்றாதீர்கள். கரி எரிந்து போகும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கும். பிறகு கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பங்கில் இப்போது வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பிஎஸ்-4 காலத்தில் 50. மலிவாகக் கிடைக்கிறது என்று கேனில் கொண்டுவந்து தரும் எதையும் வாங்காதீர்கள்.

6. சாவி, மெயின் சுவிட்ச், வெல்டிங்

சாவியை அணைத்த பிறகும் டெஃப் பம்பு கொஞ்ச நேரம் ஓடும். குழாயிலும் தெளிப்பானிலும் மிச்சமிருக்கும் டெஃபை டேங்குக்கே திரும்ப இழுக்கிற வேலை அது. டிரைவர் இறங்கும் வேகத்தில் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் டெஃப் குழாயிலேயே தங்கி, காய்ந்து உப்பாகிவிடும். கையேட்டில் சொல்லும் நிமிஷம் வரை காத்திருந்து அணைக்க வேண்டும். பல வண்டிகளில் உதவியாளர்தான் கடைசியாகச் சுவிட்சை அணைப்பார். அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மே மாத ஆய்வுக்கு முன்னால் தரைப் பலகை, படிக்கட்டு, ஜன்னல் கம்பி என்று எல்லாப் பள்ளியும் பட்டறைக்கு வண்டியை அனுப்புவார்கள். 2012இல் தமிழ்நாடு அரசு பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்த பிறகு ஓட்டை உடைசலை யாரும் விட்டுவைப்பதில்லை. அது நல்ல விஷயம். ஆனால் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பையும், இசியு என்கிற வண்டிக் கணினியின் இணைப்பையும் கழற்றச் சொல்ல வேண்டும். பட்டறையில் இதை அவர்களாகச் செய்வார்கள் என்று நம்பிவிட்டுப் போகாதீர்கள். ஒரு படிக்கட்டுக்கு வைத்த இரண்டு வெல்டிங் புள்ளி, நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரைச் சாகடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

7. விளக்கு எரிந்தால்

பெரிய வண்டிகளில் டெஃப் தீர்ந்தாலோ, தரம் சரியில்லை என்றாலோ முதலில் எச்சரிக்கை விளக்கு வரும். கண்டுகொள்ளாவிட்டால் இழுவையில் கால் பங்கைக் குறைக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. எழுமலைப் பக்கத்து ரோட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு ஒரு வண்டி இப்படி ஊர்ந்து வந்ததைப் பின்னால் பைக்கில் வந்து பார்த்தேன். முதல் பீரியட் முடிந்துதான் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

விளக்கு வந்த தேதி, நேரம், மீட்டர் ரீடிங் மூன்றையும் டிரைவர் நோட்டில் எழுத வேண்டும். செல்போனில் படமும் எடுக்கட்டும். சர்வீஸ் சென்டரில் "ஏதோ லைட் எரியுது" என்று சொன்னால் ஒவ்வொரு சென்சாராக மாற்றத் தொடங்குவார்கள், பில் ஏறும். எப்போது, எவ்வளவு ஓடிய பிறகு என்று சொன்னால் தேடல் சுருங்கும்.

இந்த நேரத்தில்தான் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பெட்டியை மாட்டிவிடலாம் என்பார். வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, சைலன்சர் உயரத்துக்குச் சரியாக நிற்பது யூகேஜி பிள்ளையின் முகம்.

8. கோடை விடுமுறை

ஜூன் முதல் வாரத்தில் வரும் பழுதுகளுக்கு விதை விழுவது ஏப்ரல் கடைசியில். இதை எனக்குக் காட்டியது ஒரு டெஃப் தெளிப்பான். விடுமுறை முழுக்க வெயிலில் நின்ற வண்டியில் அதைக் கழற்றி எடுத்தார் மெக்கானிக். நுனி முழுக்கக் கல் உப்புபோல வெள்ளையாகப் பூத்து, துளை எங்கே என்றே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. வெந்நீரில் ஊறவைத்ததும் சீனி கரைவதுபோலக் கரைந்தது. எங்கள் அதிர்ஷ்டம், அத்தோடு போனது.

கடைசி வேலைநாளுக்கு மறுநாள் வண்டியை நெடுஞ்சாலையில் ஒரு முறை நன்றாக ஓட்டி, கரியை எரித்துவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவது நிழலில், டெஃப் டேங்க் வெயில் விழாத பக்கமாக. பத்து நாளுக்கு ஒரு முறை எடுத்து ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவது போதாது, அதில் கரிதான் சேரும். பள்ளி திறக்கும் வாரத்தில் டேங்கில் மிச்சமிருக்கும் டெஃபை யூரியா சதவீதத்தைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 32.5ஐ விட்டு விலகியிருந்தால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கருவி இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

9. சான்றுகள்

பொல்யூஷன் சான்று பிஎஸ்-4க்கும் பிஎஸ்-6க்கும் ஒரு வருஷம், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை. பழைய வண்டி மலிவு என்று வாங்குகிறவர்கள் இந்த அலைச்சலையும், வண்டி ஓடாத நாட்களையும், பசுமை வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

10. ஒரு வண்டி, ஒரு வருஷம்: கணக்கு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே எழுதிய நோட்டு இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. கீழே உள்ளது ஒரு மாதிரி. எண்களை உங்கள் நோட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு 90 கிலோமீட்டர், 220 வேலைநாள் என்றால் 19,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 5.5 வீதம் 3,600 லிட்டர் டீசல். 93 ரூபாய்க்கு 3,34,800.

டெஃப், டீசலில் 5 சதவீதம் என்று வைத்தால் 180 லிட்டர். லிட்டர் 65 ரூபாய்க்கு 11,700. சாம்பல் குறைந்த ஆயிலுக்குக் கூடுதலாக 3,700 ரூபாய் என்று வையுங்கள். அப்புறம் சென்சார், டெஃப் பம்பு, டிபிஎஃப் சுத்தம் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். அது 39,600. மொத்தம் 55,000.

இந்த ஒதுக்கீட்டை யாரும் செய்வதில்லை. முதல் இரண்டு வருஷம் வாரண்டியில் ஓடிவிடும், "பரவாயில்லையே" என்று தோன்றும். வாரண்டி முடிந்த பிறகு ஒரே மாதத்தில் பெரிய பில் வரும்போது கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில்தான் பெட்டி மாட்டுகிறவர் சொல்வது நியாயமாகத் தெரியத் தொடங்கும். அதனால் முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். அந்த வருஷம் செலவாகாமல் நின்றால் எடுக்காதீர்கள், அடுத்த வருஷத்துக்கு நிற்கட்டும்.

பேருந்தின் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால், வண்டிக்கும் உதிரிபாகத்துக்கும் கட்டும் வரியை நாம் திரும்பப் பெற முடியாது. வரியோடு சேர்ந்த விலையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

55,000 ரூபாயை 50 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,100. பத்து மாதத்துக்கு மாதம் 110 ரூபாய். பூ கட்டி விற்கும் வீட்டுக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டுக்கும் அது சின்னக் காசு இல்லை. அதனால் வண்டிக் கட்டணத்தை ஏற்றும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். கூடவே போன வருஷ நோட்டையும் மேஜைமேல் வையுங்கள். எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.